பொய்ப் பட்டியலும் மெய்ப் பட்டியலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். வரும் இலையுதிர் காலத்தில் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் கடைசியில் பெரிய கல்லூரிகளின் முடிவுகள் வந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் மொபைலும் கையுமாகவே இருக்கிறாள். பெயர் போடாத பிள்ளைகள் தங்கள் மதிப்பெண், ஜிபிஏ (பள்ளிப் பாடங்களின் தரப்புள்ளிச் சராசரி), விருதுகள், எங்கே இடம் கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்று பட்டியல் போடுகிறார்களாம், அதைத்தான் படிக்கிறாள். கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியில் 1600க்கு 1580, பதினாறு வயதில் ஆராய்ச்சிக் கட்டுரை, பன்னிரண்டு நாடுகளில் இயங்கும் தொண்டு அமைப்பு. இதெல்லாம் நிஜமா ஐயா?

அதில் ஒரு பட்டியல் அவள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனுடையது என்று கண்டுபிடித்துவிட்டாள். அறிவியல் மன்றத்தின் தலைவர் என்று போட்டிருக்கிறான். என் மகளும் அதே மன்றத்தில்தான் இருக்கிறாள். தலைவர் வேறொரு பெண். அவனுக்குப் பேர்போன கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. "பொய் சொன்னாத்தாம்மா கிடைக்கும்" என்கிறாள். இவள் சனிக்கிழமைகளில் நூலகத்தில் மூன்று சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அதை "கல்வி அமைப்பின் நிறுவனர்" என்று எழுதப்போகிறாளாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், எழுதட்டும் என்கிறார் அவள் அப்பா. நான் என்ன சொல்வது? அந்தப் பையனைப் பற்றிப் பள்ளியில் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டியல்களில் பொய் இருக்கிறது. பெயரில்லாமல் எழுதும் இடத்தில், சரிபார்க்க ஆளில்லாத இடத்தில், பதினேழு வயதுப் பிள்ளைகள் சிலர் கூட்டிச் சொல்லத்தான் செய்வார்கள். ஆனாலும் பெரும்பாலான மதிப்பெண்கள் உண்மையாகவே இருக்கும் என்பது என் எண்ணம். முன்பின் தெரியாதவர்களிடம் 1580 என்று பொய் சொல்லி ஒரு பிள்ளைக்கு ஆகப்போவது என்ன? ஒரு ராத்திரிப் பாராட்டு, அவ்வளவுதான். உங்கள் மகளைப் படுத்துவது பொய்கள் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். அந்தப் பட்டியல்களில் இருக்கும் உண்மைகளும் அவளைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகின்றன என்பதுதான் எனக்குக் கவலை.

எப்படி என்று பாருங்கள். ஒரு பையன் மார்ச் மாதத் தேர்வில் வாசிப்பில் 720, கணக்கில் 780 எடுக்கிறான். மொத்தம் 1500. ஆகஸ்டில் மறுபடி எழுதுகிறான். வாசிப்பில் 760, கணக்கில் 740. அதுவும் 1500. ஒவ்வொரு பிரிவிலும் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும் சூப்பர்ஸ்கோர் முறையில் அவன் மதிப்பெண் 1540. எந்த நாளிலும் அவன் 1540 எடுக்கவில்லை, ஆனாலும் 1540 என்று அவன் எழுதுவது பொய் ஆகாது. பல கல்லூரிகளே அப்படித்தான் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஒரே தடவையில் 1500 எடுத்திருந்தால் உங்கள் மகள் இதைப் பார்த்துவிட்டு, தான் 40 புள்ளி பின்தங்கிவிட்டதாக அழுவாள்.

ஜிபிஏவும் இப்படித்தான். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினால் 4.0. ஏபி என்ற கல்லூரித் தரப் பாடத்துக்கு ஒரு புள்ளி கூடுதலாகத் தரும் பள்ளியில் அதே மாணவிக்கு 4.6 வரலாம். இன்னொரு பள்ளியில் கூடுதல் புள்ளி என்பதே கிடையாது. வேறொன்றில் ஏபி பாடங்களே நாலைந்துதான் இருக்கும். கல்லூரிகள் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, அந்தப் பள்ளியில் என்னென்ன பாடங்கள் உண்டு என்ற விவரத்தையும் பள்ளியின் ஆலோசகரான கவுன்சிலரிடமிருந்து வாங்கி, அதோடு சேர்த்தே படிக்கின்றன. மொபைலில் வரும் பட்டியலில் அந்த விவரம் இருக்காது.

அப்புறம், பட்டியல் போடுகிறவர்கள் யார் என்றும் யோசிக்க வேண்டும். எஸ்ஏடியின் நாட்டுச் சராசரி ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது. 1500க்கு மேல் எடுப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். ஆனால் உங்கள் மகள் பார்க்கும் திரையில் பாதிப் பேர் அப்படி இருப்பார்கள், ஏனென்றால் அந்த இரண்டு மூன்று பேருக்குத்தான் எழுதத் தோன்றும். 1210 எடுத்து, உங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் சேர்ந்து, பிடித்த பாடம் கிடைத்ததில் நிம்மதியாகத் தூங்கும் பிள்ளை எதற்காகப் பட்டியல் போடப்போகிறது? ஒருவர்கூடப் பொய் சொல்லாவிட்டாலும் அந்தத் திரையில் தெரிவது அவள் தலைமுறையின் உண்மையான படம் இல்லை. இதை அவளிடம் சொல்லுங்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண், உடனே புரிந்துகொள்வாள்.

பட்டியலில் வராதவையும் உண்டு. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தை மாணவர் பார்ப்பதில்லை. பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பிக்கும்போதே பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆக, தனக்கு ஏன் இடம் கிடைத்தது என்பது கிடைத்த பையனுக்கே முழுதாகத் தெரியாது. ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில் வெளிவந்த விவரங்களை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அங்கே இடம் பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நான்கு வகைக்குள் வந்தார்கள்: விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவரின் பிள்ளைகள், பேராசிரியர் அல்லது ஊழியரின் பிள்ளைகள், டீனின் (சேர்க்கைப் பிரிவுத் தலைவரின்) தனிப் பட்டியலில் இருந்தவர்கள். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதற்கு உச்ச நீதிமன்றம் 2023இல் முற்றுப்புள்ளி வைத்ததே, அதே வழக்குதான். இணையத்தில் பட்டியல் போடும் பிள்ளை "என் அப்பா அங்கே படித்தவர்" என்ற ஒரு வரியை விட்டுவிட்டால், மற்றதெல்லாம் உண்மையாக இருந்தும் படிக்கிறவருக்குக் கிடைப்பது தவறான பாடம்.

எண்கள் வேண்டும் என்று அவள் கேட்டால், கல்லூரியின் பெயரோடு காமன் டேட்டா செட் என்று சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ஆவணம் அது. அதில் சி7 என்ற பகுதி எந்த அம்சத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும். சி9, சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண் எந்த வரம்புக்குள் இருந்தது என்று சொல்லும். ஒரு எச்சரிக்கை: மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்காத கல்லூரிகளில் அந்த வரம்பு, அனுப்பியவர்களின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் போட்டது. குறைவாக எடுத்தவர்கள் அனுப்பியிருக்க மாட்டார்கள், அதனால் எண் உயர்ந்தே தெரியும். எத்தனை சதவீதம் பேர் அனுப்பினார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். அதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

நிறுவனங்கள் சொல்வதெல்லாம் சத்தியம் என்று நான் சொல்ல வரவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் தரவரிசைக்காகக் கொடுத்த தகவல்களில் தவறு இருப்பதாக அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் 2022இல் எழுதினார். பல்கலைக்கழகம் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது, இரண்டாம் இடத்திலிருந்து பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. 2019இல் வெளிவந்த சேர்க்கை ஊழலில், படகே ஓட்டாத பிள்ளைகளைப் படகோட்ட வீரர்களாகக் காட்டப் பணம் கொடுத்தவர்கள் பெற்றோர்கள். பதினேழு வயதுப் பிள்ளை ஒரு வரியைக் கூட்டி எழுதும்போது எனக்கு அதன்மேல் கோபம் வருவதில்லை. பெரியவர்கள்தான் வழிகாட்டியிருக்கிறோம்.

அதனால்தான் உங்கள் கணவர் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் என்ற பழமொழியை நம்மவர்கள் அட்மிஷனுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அவரிடம் சில விஷயங்களைச் சொல்லுங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் கடைசியில் மாணவர் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். இதிலுள்ளதெல்லாம் உண்மை, பொய் என்று தெரிந்தால் இடம் ரத்தாகலாம் என்பது அதன் சாரம். சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும்போது தெரியவந்தாலும் நடவடிக்கை உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் விண்ணப்பதாரர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, எழுதியதற்கு ஆதாரம் அனுப்பச் சொல்கிறது. சரி, யாருமே கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்பாவே சரி என்று சொன்ன பொய்யோடு அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போவாள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று, அந்த "நிறுவனர்" வரி நல்ல வரியும் இல்லை. சில ஆண்டுகளாகப் பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். எத்தனை நிறுவனர்கள்! படித்து முடித்தால் ஒரு முகம்கூட நினைவில் நிற்பதில்லை. காமன் ஆப்பில் பத்து செயல்பாடுகளை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. அந்தச் சின்ன இடத்தில் "அமைப்பு", "தாக்கம்", "தலைமை" என்று பெரிய சொற்களைத் திணித்தால் உண்மைக்கு எங்கே இடம் இருக்கும்?

அவளை உட்காரவைத்து, அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கணக்கில் தடுமாறுகிறார்கள்? எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்று அடித்துச் சொல்லும் பிள்ளை அங்கே நிச்சயம் ஒன்று இருக்கும். நான்கைவிட எட்டு பெரியது, அப்படியானால் எட்டில் ஒன்றும் பெரியதாகத்தானே இருக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் வாதம். அது முட்டாள்தனமில்லை, முழு எண்களில் கற்ற விதியைப் பின்னத்துக்கும் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் மகள் அதை எப்படிப் புரியவைத்தாள்? தாளை மடித்துக் காட்டினாளா, கோடு போட்டுக் காட்டினாளா? முதல் முறை தோற்றபோது என்ன மாற்றினாள்? இந்தக் கேள்விகளுக்கு அவள் சொல்லும் பதில், செயல்பாட்டுக்கு ஒரு வரியாகவும் ஆகும், 650 சொல் கட்டுரையாகவும் ஆகும். "சனிதோறும் நூலகத்தில் மூன்று மாணவர்களுக்குக் கணக்கு. பின்னங்களுக்குத் தாள்மடிப்புப் பயிற்சி நானே தயாரித்தேன்." அவள் உண்மையிலேயே தயாரித்திருந்தால் இப்படி எழுதலாம். எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று தனியாகக் கேட்பார்கள். அதிலும் உள்ளதை உள்ளபடி போடட்டும். நேர்காணலில் யாராவது இதைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிஷம் தடங்கலில்லாமல் பேசுவாள். நிறுவனர் என்று எழுதிவிட்டு, அந்த அமைப்பில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வாள்?

கடைசியாக அந்தப் பையன். பள்ளியில் போய்ச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அவன் இணையத்தில் கூட்டி எழுதியிருக்கிறான், இவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். விண்ணப்பத்தில் என்ன எழுதினான் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அங்கே வெறும் உறுப்பினர் என்றே எழுதிவிட்டு, முகம் தெரியாதவர்கள் முன்னால் மட்டும் தலைவராகியிருக்கலாம். உண்மையான தலைவியும் அதே ஆண்டில் விண்ணப்பித்திருந்தால், இருவருக்கும் பள்ளியின் கடிதம் ஒரே கவுன்சிலர் அலுவலகத்திலிருந்துதான் போயிருக்கும். ஒரு மன்றத்துக்கு இரண்டு தலைவர்கள் என்றால் அங்கேயே கண்ணில் பட்டிருக்கும். மதிப்பெண் சான்றிதழைத் திருத்தினான், வேறொருவரைத் தேர்வெழுத வைத்தான் என்பது போல நேரடியாக ஏதாவது தெரிந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். பெயரில்லாத ஒரு பட்டியலை வைத்து ஒரு பையனின் எதிர்காலத்தில் கை வைக்கக் கூடாது. அந்தப் பட்டியல் அவனுடையதுதான் என்பதே உங்கள் மகளின் ஊகம்.

பொய்யால்தான் அவனுக்கு இடம் கிடைத்தது என்று அவள் நம்புவதை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அவன் பாடங்களில் எப்படி, ஆசிரியர்கள் அவனைப் பற்றி என்ன எழுதினார்கள், கட்டுரை எப்படி இருந்தது, எதுவும் நமக்குத் தெரியாது. ஒரு பொய் வரி கண்ணில் பட்டதால் அதுவே காரணம் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். நன்றாகப் படிக்கும் ஒரு பையன் பயத்தில் தேவையில்லாத ஒரு பொய்யையும் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

முன்கூட்டியே விண்ணப்பிப்பதற்கான கெடு பல கல்லூரிகளில் நவம்பர் 1. கோடை விடுமுறை முழுக்க இன்னும் கையில் இருக்கிறது. ராத்திரி மொபைலைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள். நூலகத்துக்கு அவள் சனிக்கிழமை தவறாமல் போகட்டும். வந்ததும் அன்றைக்கு என்ன நடந்தது என்று நாலு வரி எழுதிவைக்கட்டும். ஆகஸ்டில் அதையெல்லாம் எனக்கு அனுப்பினால் நானும் படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்.