பயணி இறங்கியதும் கத்தும் அலாரம், நின்றுபோகும் எஞ்சின்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “2012 மாடல் பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பினால், சிறிது நேரத்தில் நான்கு இன்டிகேட்டர்களும் தாமாக மினுக்குகின்றன. சைரன் கத்துகிறது. பிறகு எஞ்சின் நின்றுவிடுகிறது. மெக்கானிக் பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?”

மாற்ற வேண்டாம். பம்பு பழுதானால் வண்டி நிற்கும். ஆனால் இன்டிகேட்டர் மினுக்காது, சைரனும் கத்தாது. முந்தைய உரிமையாளர் கடையில் வாங்கிப் பொருத்திய அலாரம் உங்கள் காரில் இருக்கிறது. அதிலுள்ள வழிப்பறித் தடுப்பு வசதிதான் இந்த வேலையைச் செய்கிறது.

கத்தியைக் காட்டி ஓட்டுநரை இறக்கிவிட்டு ஒருவன் காரைக் கொண்டுபோனால், அவனோடு போராடாமல் விலகிக்கொள்வதுதான் உயிருக்கு நல்லது. கார் கொஞ்ச தூரம் போய்த் தானாக நின்றுகொள்ளட்டும் என்பதே இதன் நோக்கம். எஞ்சின் ஓடும்போது கதவு திறந்து மூடப்பட்டால் அலாரம் நேரத்தை எண்ணத் தொடங்கும். அந்த நேரம் முடிவதற்குள், காரில் மறைவாக வைக்கப்பட்ட ஒரு சிறு பொத்தானை அழுத்த வேண்டும். இல்லையென்றால் முதலில் எச்சரிக்கை, அடுத்து எஞ்சினுக்கான மின்சாரம் துண்டிப்பு. இத்தகைய அலாரங்கள் பெரும்பாலும் காருக்குள் எரியும் விளக்கின் கதவு ஸ்விட்சிலிருந்துதான் தகவலைப் பெறுகின்றன. ஏதோ ஒரு கதவு திறந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இறங்கியது உங்கள் மகளா, ஏறியது திருடனா என்று தெரியாது.

உறுதிசெய்ய, காரை வெற்று மைதானத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். ஒரு கதவைத் திறந்து மூடிவிட்டுக் காத்திருங்கள். இன்டிகேட்டர் மினுக்கத் தொடங்கினால் சந்தேகமே இல்லை.

பொத்தானைத் தேடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஃபியூஸ் பெட்டியின் ஓரம், ஓட்டுநர் இருக்கையின் அடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வைத்திருப்பார்கள். முந்தைய உரிமையாளரின் எண் இருந்தால் முதலில் அவரைக் கேட்பதே சுலபம். அப்படியே இரண்டாவது ரிமோட்டையும் கேட்டு வாங்குங்கள். அது வேறு யார் கையிலாவது இருந்தால் உங்கள் காரைத் திறக்க அதுவே போதும்.

இது சரியாகும் வரை காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லவே கூடாது. லாரிகளுக்கு நடுவில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் ஓரிரு மிதிகளுக்குத்தான் மிஞ்சும். அப்படி நடந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி ஓரம் கட்டுங்கள். கார் நிற்கும் முன் சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அலாரப் பெட்டியில் மாடல் எண் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்குரிய கையேடு கிடைத்தால் இந்த ஒரு வசதியை மட்டும் நிறுத்திவிட்டு அலாரத்தை வைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் முழுவதையும் கழற்றிவிடுங்கள் என்பேன். அதை நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். அலாரம் பொருத்தும்போது காரின் அசல் ஒயரை வெட்டி நடுவில் ஒரு ரிலேயை, அதாவது அலாரத்தின் கட்டளைப்படி மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சை, இணைத்திருப்பார்கள். சைரனை மட்டும் பிடுங்கினால் சத்தம் அடங்கும். ரிலே அங்கேயே இருந்து, எச்சரிக்காமலே எஞ்சினை நிறுத்தும். இது முன்னதைவிட ஆபத்து. ரிலேயை எடுத்து, வெட்டிய ஒயரைச் சால்டர் வைத்து இணைத்து, இன்சுலேஷன் செய்துதரச் சொல்லுங்கள். முடிந்ததும் மைதானச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கழற்றுவதற்கு முன் காப்பீட்டுப் பத்திரத்தையும் பாருங்கள். இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் (ஏ.ஆர்.ஏ.ஐ.) அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்காகப் பிரீமியத்தில் தள்ளுபடி தரப்பட்டிருந்தால், கருவியை எடுத்ததைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள்.