கேம் சந்தை இரட்டிப்பாகுமாம், மூன்று லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. பி.இ. முடித்த மகன் மொபைல் கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறான். கோவையிலிருந்து வந்த ஒருவர் வண்ண வரைபடங்களைக் காட்டி, “2030க்குள் இந்திய கேம் சந்தை இரண்டு மடங்காகும். மூன்று லட்சம் கொடுங்கள், நாங்களே வெளியிட்டு மாதாமாதம் வருமானம் வரவைக்கிறோம்” என்கிறார். நம்பலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா.

குன்னூர் ஏலத்தில் தூள் விலை ஏறிய வாரமெல்லாம் உங்கள் பச்சைத் தேயிலைக்கும் அதே அளவு ஏறியதா? இங்கும் அதே கதைதான். உலகம் முழுக்க கேமுக்குச் செலவாகும் பணத்தில் ஏறக்குறைய பாதி மொபைலில் புழங்குகிறது. அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே பெயர் வாங்கிய சில கேம்களே அள்ளிக்கொள்கின்றன. பதிவிறக்கத்தில் இந்தியா முன்வரிசை. காசு கொடுப்பதில்? விளம்பரத்தைச் சகித்துக்கொண்டு இலவசமாக ஆடுகிறவர்கள்தான் நாம். வரைபடத்தில் கோடு நேராக மேலே போகும். நிஜத்தில் கொரோனா முடக்கத்தின்போது எகிறிய மொபைல் கேம் வருமானம் 2022ல் இறங்கியது.

அந்த வரைபடம் எந்த மாதம் போட்டது என்று கேளுங்கள். இந்திய கேம் வருமானத்தில் பெரும்பங்கு பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதற்கு முன் போட்ட இந்தியக் கணிப்பெல்லாம் பழைய பஞ்சாங்கம்.

மூன்று லட்சம் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே ஒருமுறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். அது பிறகு பார்க்கலாம். “கூகுள் 30 சதவீதம் பிடிக்கும்” என்று சொல்லி இந்த ஏஜென்ட்கள் கழிப்பார்கள். 2021லேயே, பதிந்துகொண்டவர்களுக்கு ஆண்டின் முதல் 10 லட்சம் டாலர் விற்பனை வரை 15 என்று குறைத்துவிட்டார்கள். மீதி 15 யார் பையில் விழுகிறது?

அதைவிட மோசம், அவர்கள் கணக்கில் வெளியிடுவது. கேம் உங்கள் மகன் செய்தது, பெயரும் பணமும் அவர்களுடையது. சண்டை வந்தால் கூகுள் கணக்குக்காரரைத்தான் பார்க்கும். நீங்கள் யாரென்றே அதற்குத் தெரியாது.

மகன் தன் பெயரில் கணக்குத் திறந்தால் ஒரு சிக்கல் உண்டு. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால் வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் கேமைச் சோதித்திருக்க வேண்டும். அதற்கு முன் திறந்தவர்களுக்கு இது கிடையாது. நிறுவனக் கணக்குக்கும் கிடையாது, ஆனால் அதற்கு டி-யு-என்-எஸ் என்றொரு நிறுவன அடையாள எண் வேண்டும். அது இலவசம், அதையும் காசுக்கு விற்க ஆள் இருக்கிறார்கள். பழைய கணக்குக்கான விலக்கை வைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது: “பழைய கணக்கு தருகிறேன், சோதனை தேவையில்லை.” வாங்காதீர்கள். விற்ற கணக்கு என்று கண்டுபிடித்தால் கணக்கே போய்விடும், கேமும் சேர்ந்து போகும். 12 பேர் என்ன பெரிய விஷயம்? கல்லூரித் தோழர்கள், சித்தப்பா பையன்கள் போதும். நடுவில் யாரும் விலகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேமில் கூகுள் காட்டும் விளம்பரங்களின் வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். ஆமாம், 2008ல் ஆப் கடை திறந்த இந்தத் தொழிலில் இன்னும் காகிதத் தபால்!  100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வரும். மழைக்காலத்தில் உங்கள் பக்கம் தபால் எப்படி வரும் என்பது உங்களுக்கே தெரியும். தோட்டத்து வீட்டு முகவரி வேண்டாம். டவுனில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்து, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.