செடித்தொட்டி அச்சுக்கு மெரைன் ப்ளைவுட் எதற்கு?

கேள்வி: வாசலில் வைக்க 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் கான்கிரீட் தொட்டி வார்த்தேன். மரப்பெட்டி ஒட்டிக்கொண்டது. தட்டிக் கழற்றியதில் இரண்டு மூலைகள் பெயர்ந்துவிட்டன, உள்பெட்டி வரவே இல்லை. மெரைன் ப்ளைவுட்டில் செய்தால் ஒட்டாது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மெரைன் (தர எண் ஐ.எஸ். 710) என்றால் ஒட்டிய பசை தண்ணீருக்கு விடாது, அவ்வளவுதான். மேல்தோல் வெறும் மரம். சிமெண்ட் பால் அதிலும் இறங்கி ஒட்டத்தான் செய்யும். உங்களுக்கு வேண்டியது வழவழப்பு. பழுப்பு ஃபிலிம் ஒட்டிய 12 மி.மீ. ஷட்டரிங் ப்ளைவுட் (கான்கிரீட் வார்க்கும் பலகை) கேளுங்கள். அதன் தர எண் ஐ.எஸ். 4990. 8க்கு 4 அடித் தாளில் பாதி போதும். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடையில் ஓரம் நைந்த பழைய தாள் கிடைத்தால் இன்னும் நல்லது.

தச்சரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். அவருக்குப் போகும் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். தாளில் '710', '4990' என்று அடித்திருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம், அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். ஐ.எஸ்.ஐ. குறியோடு 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று தெரிந்துவிடும். பெட்டி செய்ய அரைத் தாள் வாங்குகிறவன் தலையில் இந்தச் சோதனையையும் கட்டிவிட்டார்கள், என்ன செய்ய!

சரி, மூலைக்கு வருவோம். ஆணி அடித்த பெட்டியைத் தட்டித்தான் பிரிக்க முடியும், தட்டினால் மூலை போகும். எல்லாம் ஸ்க்ரூவாக இருக்கட்டும், வெளியிலிருந்து கழற்றும்படி. வெளிப்பெட்டியின் உள்மூலைகளில் சிலிக்கோன் பசை பூசி விரலால் இழுத்துவிட்டால் தொட்டியின் விளிம்பு மழுங்கி வரும், லேசில் உடையாது. ஈரக் கலவை நீளப் பக்கப் பலகையை மொத்தமாக 65 கிலோ அளவுக்கு வெளியே தள்ளும். அதனால் பலகையின் நடுவில் ஒரு ரீப்பர் கட்டை கொடுங்கள்.

கலவை ஒட்டாமலிருக்கப் பலகையில் பழைய என்ஜின் ஆயில் தடவச் சொல்வார்கள். கறை போகாது, செடிக்கும் ஆகாது. சமையல் எண்ணெயைத் தடவித் துணியால் துடைத்துவிடுங்கள். விரலில் பிசுக்கு தெரிந்தால் போதும்.

உள்பெட்டிதான் உண்மையான வில்லன். கான்கிரீட் இறுகும்போது சுருங்கி அதைக் கவ்வும், மரமோ ஈரம் குடித்து ஊதும். தொட்டியைத் தலைகீழாக வார்த்துவிடுங்கள். உள்பெட்டியை அடிப்பலகையில் திருகி நிறுத்தி, மேலே போகப் போக பக்கத்துக்கு அரை அங்குலம் குறுகும்படி செய்யுங்கள். பக்கப் பலகை ஒன்றைச் சாய்வாக இரண்டாக அறுத்துவைத்தால் முதலில் அந்தத் துண்டை உருவலாம், மற்றவை தானாக இளகும். உள்பெட்டியின் வெளிப்புறம் முழுக்க பேக்கிங் டேப் சுற்றுங்கள். வடிகாலுக்கு உள்பெட்டி மேல் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தினால் ஆயிற்று.

மரவரி தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மட்டும் வெளிப்பக்கத்துக்கு வெறும் பலகை போடலாம். ஆனால் புதுப் பலகையில் அப்படியே வார்க்கக் கூடாது. மரத்திலுள்ள சர்க்கரை சிமெண்டை இறுக விடாது. கழற்றினால் மேற்பரப்பு மாவு மாவாகக் கையோடு வரும். சிமெண்டைத் தண்ணீரில் கரைத்துப் பலகையில் பூசி, காயவிட்டு, தேய்த்துக் கழுவுங்கள். வார்க்கும் முன் பலகையை நனைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரை அது குடித்துவிடும். வரி எடுப்பாகத் தெரிய, நார் ஓடும் திசையில் கம்பி பிரஷ் போடலாம். இவ்வளவு செய்தாலும் முதல் வார்ப்பும் மூன்றாவது வார்ப்பும் ஒரே நிறத்தில் வராது; ஜோடித் தொட்டி வேண்டுமென்றால் இந்த வழியே வேண்டாம்.

வெளிப்பலகையை மறுநாள் எடுக்கலாம். மூட்டையில் பி.பி.சி. (மெதுவாக இறுகும் பொசோலானா சிமெண்ட்) என்று இருந்தால், அதிலும் மழைக்காலமானால், இன்னும் ஒரு நாள் பொறுங்கள். அப்புறம் இரண்டு பேராக மணல் மேல் புரட்டுங்கள், தொட்டி 70 கிலோவுக்கு மேல் இருக்கும். ஈரச் சாக்கு போர்த்தி 10 நாள் தண்ணீர் காட்டிய பிறகு மண் நிரப்பலாம்.