லிங்குவாவும் டங்கும் உறவுதான்

நாக்கைக் குறிக்கும் லத்தீன் ‘லிங்குவா’வும் ஆங்கில ‘டங்’கும் (tongue) ஒரே வேர் என்கிறார்கள், ஆனால் முதல் எழுத்தே ஒட்டவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். லிங்குவாவோடு நின்றுவிடாமல் இன்னும் ஒரு படி பின்னால் போங்கள், பழைய லத்தீனில் அது ‘டிங்குவா’. அப்புறம் எல்லாம் பொருந்திவிடும், ஏனென்றால் லத்தீனில் ‘வண்டி’யில் கேட்கும் ட வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘பட்டு’வில் கேட்கும் ட வருவது வழக்கம்: பத்துக்கு டெக்கெம், டென், பல்லுக்கு டென்ஸ், டூத்.

சரி, ல எங்கிருந்து வந்தது? நக்குவதற்கு லத்தீனில் ‘லிங்கெரே’. நக்குவது நாக்குதானே, அந்தச் சொல்லின் சாயல் இதில் ஒட்டிக்கொண்டது என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். எனக்கு இதைவிடப் பிடித்தது கண்ணீர், அதிலும் இப்படித்தான் ட போய் ல வந்தது: லத்தீன் ‘லக்ரிமா’ முன்பு ‘டக்ருமா’, பழைய கிரேக்கத்தில் ‘டாக்ரு’, ஆங்கிலத்தில் டியர் (tear).