ரேம் போட்டபின் நீலத்திரையா? போர்டை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: செங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2013இல் வாங்கிய இன்டெல் ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு. 4 ஜிபி ரேமோடு பழைய 8 ஜிபி ஒன்றும், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டும் சேர்த்தேன். அன்றிலிருந்து விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் நீலத்திரை வருகிறது. சில நேரம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பார்ட்ஸ் வாங்கித் தந்தவர் ‘போர்டு போச்சு’ என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். நேற்றுவரை ஓடிய போர்டு, ரேம் செருகிய நாளிலேயே போவது அபூர்வம். புதிதாகப் போட்டதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள். கார்டையும் 8 ஜிபியையும் கழற்றி, மானிட்டரை போர்டின் விஜிஏவில் மாட்டி ஒரு நாள் முழுக்க வேலை பாருங்கள். நின்றுபோகவில்லையா? போர்டு நல்லாயிருக்கிறது. இனி 8 ஜிபியை மட்டும் போட்டு, பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அந்த ரேம் ஆகாது. அதற்கு முன், தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடையுங்கள். சாரல் காலத்து ஈரத்தில் அது மங்கிப்போகும்.

ரேமில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: கறுப்புச் சில்லுகளை எண்ணுங்கள். உங்கள் தலைமுறை இன்டெலுக்கு 8 ஜிபி என்றால் பக்கத்துக்கு எட்டாக மொத்தம் 16 இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எட்டு என்றால் சேராது. 16 இருந்தும் சேராத ரகம் ஒன்று உண்டு: ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று மலிவாக விற்பது. வெளித்தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. இன்டெலில் பெரும்பாலும் ஆன் ஆகாது, ஆன் ஆனாலும் நிலைக்காது. ‘எல்லாம் டிடிஆர்3தானே சார்’ என்று இடைத்தரகர்கள் தலையில் கட்டுவது இதைத்தான். இன்டெல் போர்டில் ஓட்டிக் காட்டச் சொல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

நீலத்திரையே இல்லாமல் பொசுக்கென்று ரீஸ்டார்ட் ஆவது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியின் கோளாறு. கேபினெட்டோடு வந்ததில் ‘450 வாட்’ என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். லேபிளில் +12வி கட்டத்தின் ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட்தான். உங்கள் பிராசசருக்கு 77, கார்டுக்கு 75. இதிலேயே 152 போய்விட்டது. ஹார்டு டிஸ்க், ஃபேன் எதற்கு மிச்சம்? வேலை ஓடும்போது அதிலிருந்து வரும் மஞ்சள், கறுப்பு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வையுங்கள், 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். 12 வோல்ட்டில் 25 ஆம்பியராவது தரும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரை உள்ளதாக வாங்குங்கள்.

ரேம் சரியாகும்வரை யார் சொன்னாலும் ஃபார்மட் போடாதீர்கள். கெட்ட ரேமில் ஏற்றும் விண்டோஸும் கெட்டே ஏறும். அதற்கும் கூலி கேட்பார்கள்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஒரு ரேம் வாரண்டிக்குக்கூட ஊர் விட்டு ஊர் கூரியர் அனுப்பச் சொல்லும் இந்த முறை சிறு கடைக்காரரை வதைக்கிறது. பில் இருந்தால் வழி உண்டு: கேரளத்துப் புனலூரில் வாங்கியிருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் தரலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.