வெள்ளி மினுக்கும் செப்புக்காசு: புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கேள்வி: ஏலத்தில் ஒரு ரோமானியக் காசு வாங்கினேன். 20 மி.மீ. அகலம், 3 கிராம். ஒரு பக்கம் கதிர்முடியுடன் பேரரசர் கேலியனஸ், மறுபக்கம் மான். செம்பு நிறம், எழுத்துகளின் ஓரத்தில் மட்டும் வெள்ளி மினுக்கம். முலாம் பூசிய போலியா? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: மினுக்கத்தை வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் காலத்துக் காசு அப்படித்தான் இருக்கும். அன்டோனினியானஸ் எனப்படும் இந்த வகையைப் பேரரசர் கராகல்லா கி.பி. 215இல் வெளியிட்டபோது ஏறக்குறையப் பாதி வெள்ளி, எடை 5 கிராம் அளவில். 260இல் பேரரசர் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டார். மேற்கே தளபதி போஸ்டுமஸ் தனி அரசு கண்டார். படைக்குச் சம்பளம் தர வெள்ளி போதவில்லை. வலேரியனின் மகன் கேலியனஸ் தனித்து ஆண்ட 260–268க்குள் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அச்சடிக்கும் முன் வெறும் காசு வில்லையின் மேற்பரப்புச் செம்பை அமிலத்தால் அரித்துவிட்டால், வெள்ளி மிகுந்த மெல்லிய தோல் மிஞ்சும். புழங்கப் புழங்க மேடான இடங்களில் அது தேய்ந்து, எழுத்தோரப் பள்ளங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மான், வேட்டைத் தெய்வம் டயானாவுக்குரிய விலங்கு. ரோம் அக்கசாலை (நாணயம் அச்சிடும் இடம்) 267–268 வாக்கில் இப்படிப் பல விலங்குகளைப் பொறித்தது. மானின் காலடியில் ஓர் எழுத்து தெரிந்தால் அது பட்டறைக் குறி. உருவம் ஒருபக்கம் ஒதுங்கியிருப்பதும் விளிம்பு வெடித்திருப்பதும் அவசர அச்சின் அடையாளம், குறையல்ல. சந்தேகப்பட வேண்டியது விளிம்பைச் சுற்றி ஓடும் வார்ப்புக்கோட்டையும், பூதக்கண்ணாடியில் தெரியும் குமிழிப் பள்ளங்களையும்தான்.

சுத்தம் செய்ய, குத்துவிளக்குக்குப் போடும் புளியும் எலுமிச்சையும் வேண்டாம். அந்த அமிலம் களிம்போடு வெள்ளித் தோலையும் கொண்டுபோய்விடும். அது திரும்ப வராது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றுங்கள். சில வாரம் பிடிக்கும். இளகிய மண்ணை மரப் பல்குச்சியால் மட்டும் தள்ளுங்கள். வெள்ளி தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். மேலும் பளபளப்பாக்க ஆசைப்பட்டுத்தான் பலரும் காசைக் கெடுக்கிறார்கள்.

கெட்டியான கரும்பச்சைப் படலம் இருக்கட்டும், அது காப்பு. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி வேறு: குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்னும் நோய். அது தெரிந்தால் காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றபடி காகித உறையே போதும், பி.வி.சி. உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஏற்றும்.