அரைக்கதவைத் தாண்டப் பார்க்கும் குதிரை: கேள்வி பதில்

கேள்வி: அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய மார்வாரி பெண்குதிரை அண்ணா. லாயத்துக்கு நாலடி அரைக்கதவு. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் கதவு மேல் போடுகிறது. கதவை இன்னும் ஓரடி உயர்த்தினால் போதுமா?

பதில்: போதாது தம்பி. முழுசாகத் தாண்டிவிடுகிற குதிரையைவிட, பாதி தாண்டி மாட்டிக்கொள்கிற குதிரையை நினைத்துத்தான் எனக்குப் பயம். முன்பாதி வெளியே, பின்பாதி உள்ளே, மொத்த எடையும் வயிற்றுக்கடியில் கதவு விளிம்பில் நிற்கும். அது பதறி உதைக்க உதைக்கத் தொடையிடுக்கு கிழியும். ஓரடி உயர்த்தினால் தாண்டும் ஆசை போகாது, மாட்டிக்கொள்ளும் வாய்ப்புதான் கூடும். கதவுக்கு மேலே நிலை வரைக்கும் கம்பிக் கிரில் போடுங்கள். கம்பிகள் நெட்டுக்குத்தாக, 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல், குளம்பு நுழைய முடியாதபடி இருக்கட்டும். வெல்டிங் பிசிறை உள்பக்கம் கையால் தடவிப் பார்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், கீழேயும் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். கிரில் வரும்வரை அதைத் தனியாக அந்த லாயத்தில் அடைக்காதீர்கள்.

கேள்வி: கிரிலுக்குப் பதில் மேல்பாதிக்குப் பலகைக் கதவு போட்டு மூடிவிடலாமா? செலவு குறையும்.

பதில்: நம் ஊர் வெயிலுக்கு வேண்டவே வேண்டாம். மூத்திர நெடி உள்ளேயே தங்கி மூச்சுக்குழாயைக் கெடுக்கும், வெளியே ஒன்றும் தெரியாத குதிரை இன்னும் அதிகமாகத் தவிக்கும். காற்றும் பார்வையும் போக வேண்டும், உடம்பு போகக் கூடாது.

கேள்வி: குறுக்கே சங்கிலி, இல்லாவிட்டால் முள்கம்பி?

பதில்: முள்கம்பியைக் குதிரை இருக்கிற இடத்துக்கே கொண்டுவராதீர்கள். ஒற்றைச் சங்கிலி போட்டால் அதற்கும் கதவுக்கும் நடுவில் தலையோ காலோ சிக்கும்.

கேள்வி: முன்னங்காலும் பின்னங்காலும் கட்டிப் போட்டால் தாண்டாதே?

பதில்: தாண்டாமல் போகலாம், ஆனால் பதறுகிற குதிரை கட்டோடு விழுந்தால் காலே போய்விடும். கொஞ்ச நேரம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தலைக்கயிற்றை மட்டும், அதன் தோள் உயரத்தில் உள்ள வளையத்தில், இழுத்தால் அறுந்துவிடும் சணல் கண்ணி வழியாகக் கட்டுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

கேள்வி: பக்கத்து லாயக் குதிரையை வெளியே கூட்டிப்போகும்போது மட்டும் எங்கள் குதிரை தாண்டப் பார்க்கிறது. திமிரா சார்?

பதில்: திமிரே இல்லை, பயம். கூட்டமாக வாழ்கிற பிராணி, துணை போனால் தன் உயிருக்கே ஆபத்து என்றுதான் அதற்குத் தோன்றும், அதை அடித்துத் திருத்தவே முடியாது, அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். மூன்றாவதாக ஒரு குதிரையோ, ஓர் ஆடோ கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். துணையைக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்த் திரும்பிவந்து, நாளாக ஆகத் தூரத்தைக் கூட்டுங்கள். இன்னொன்று, பசி. குதிரைக்கு இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரக்கும். காலையில் கொள்ளு, சாயங்காலம் கொள்ளு, நடுவில் வெறும் தொட்டி என்றால் வாளிச் சத்தம் கேட்டதும் கதவில் ஏறத்தான் செய்யும். 350 கிலோ குதிரைக்கு நாளைக்கு 6, 7 கிலோ காய்ந்த புல், வலைப்பையில் போட்டு மெதுவாகத் தின்னும்படி. அப்புறம் தினமும் சில மணி நேரமாவது அவிழ்த்துவிடுங்கள். இதெல்லாம் செய்தாலும் கிரில் கிரில்தான், அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தீவனத் தொட்டி கதவை ஒட்டி இருக்கிறது, பரவாயில்லையா?

பதில்: மாற்றுங்கள். அதுவே ஏறுபடி. கதவோரம் வழுக்குகிற சிமெண்டுத் தரை இருந்தால் ரப்பர் பாய் போடுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே கதவில் தொங்கிவிட்டால்?

பதில்: தலையைப் பிடித்து முன்னால் இழுக்காதீர்கள். முன்னாலும் பின்னாலும் நிற்காதீர்கள், உதை வாங்குவீர்கள். ஒருவர் தோள் பக்கமாக நின்று மெதுவாகப் பேச, இன்னொருவர் கால்நடை மருத்துவரை அழைக்கட்டும். மயக்க ஊசி போட்டபின் கதவைக் கீலோடு கழற்றுவதுதான் பெரும்பாலும் நல்ல வழி, அதனால் கழற்ற முடிகிற கீலாகவே இப்போதே போட்டுவையுங்கள். இறங்கியதும் நன்றாக நடக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், வயிற்றில் உள்காயம் வெளியே தெரியாது. சின்னச் சிராய்ப்பு என்றாலும் டெட்டனஸ் ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள், குதிரைக்கு அந்த நோய் சீக்கிரம் பிடிக்கும்.